ஏழாயிரத்து நானூறு ரூபாய் ‘மதர்’

இல்லை என்றால் இல்லைதான். சூர்யகலா ஒரு ரூபாயைக்கூட அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எங்கள் தெரு அய்யம்மாள் குழாயடியில் சொன்னாலும் சரி, ரேஷன் கடை வரிசையில் நின்று சொன்னாலும் சரி, பொய் பொய்தான். நாற்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போனாளாம், பாதியை அமுக்கிவிட்டு ஒரு பழைய டிவியையும் ஒரு தகரப் பெட்டியையும் கம்ப்யூட்டர் என்று சொல்லிக் கொண்டுவந்தாளாம். கூடப் போனவள் நான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். கடைக்காரி நோட்டை எண்ணி வாங்கியபோது எதிரே ஸ்டூலில் இருந்தவள் நான். என்னிடம் ஒருத்தி வந்து கேட்டாளா?

“கெழவிக்கு என்ன தெரியும்? ஏ பி சி டி தெரியுமா அதுக்கு?” என்றாளாம் அய்யம்மாள்.

தெரியாது. தமிழ் எழுத்தே தெரியாது எனக்கு. கண் தெரியும், காது கேட்கும். இந்தத் தெரு எழுத்தில் இருப்பதைத்தான் நம்பும் என்பதால், ஆள் வைத்து நானும் எழுத்தில் வைக்கிறேன். சொன்னது சொன்னபடி எழுதட்டும், பேர்களையும் மாற்ற வேண்டாம்.

சூர்யகலா என் பேரன் விக்னேஷ்குமாரின் பெண்டாட்டி. காந்திகிராமத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. தகப்பன் இல்லை. தாய் சுப்புத்தாய் விடியும் முன்னே தோட்டங்களுக்குப் பூ எடுக்கப் போகிறவள். அந்தப் பூக்காசில் பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டரில் படம் செய்யும் படிப்பையும் படித்து, திண்டுக்கல்லில் ஒரு பேனர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம், பின்னால் மூன்று வருஷம், ஆறு வருஷம் அதே நாற்காலி.

காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதற்கு பேனர் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். செல்போனில் எடுத்த மங்கல் படத்தைக் கொடுத்தால் மாப்பிள்ளை போல ஆக்கித் தருவாள். வழுக்கைத் தலைக்காரர்கள் முடி கேட்பார்கள், வைத்துக் கொடுப்பாள். செத்துப்போனவருக்குச் சட்டையில்லாத படம்தான் இருக்கிறது என்று அழுதுகொண்டு வந்து நிற்பார்கள், வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தான் மாட்டி அனுப்புவாள். குறையே இல்லாதவள் என்று நான் சொல்லமாட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் காதில் விழாது. இரண்டு முறை சோற்றைத் தீய விட்டிருக்கிறாள். பேச்சிலும் பணிவு கம்மி. கேட்டால் பதில் வரும், கேட்டதற்கு மட்டும் வரும்.

அய்யம்மாளுக்கு இவள்மேல் எங்கிருந்து கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அய்யம்மாளின் பேரனுக்குக் காதுகுத்து. இருபதடி பேனர், நாற்பத்தாறு முகம். யார் எந்த வரிசை என்று மருமகன் சீட்டில் எழுதிக் கொடுத்தான். சூர்யகலா சீட்டில் இருந்தபடி வைத்தாள். மண்டபத்து வாசலில் பேனரைத் தூக்கிக் கட்டிய பிறகுதான் அய்யம்மாள் பார்த்தாள், கூடப்பிறந்த தம்பி மூன்றாவது வரிசையில், ஓரத்தில்.

“எந்தம்பிய எடுபுடி ஆளுக பக்கத்துல வச்சுட்டாளே! அவன் என்ன அண்டா கழுவ வந்தவனா?”

“ஒங்க மருமகன் குடுத்த சீட்டு இருக்கு சித்தி. பாருங்க,” என்று இவள் சீட்டை நீட்டினாள்.

அத்தனை பேருக்கு முன்னால் நீட்டியிருக்க வேண்டாம். ஆனால் சீட்டு சரியாகத்தான் இருந்தது. மருமகனைத் திட்ட முடியாத அய்யம்மாள் அன்றைக்கே இவள்மேல் கண் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கடை வேலையை விட்டாள் சூர்யகலா. என் மருமகள், அவள் மாமியார் பொன்னழகுதான் விட வைத்தாள். “ராத்திரி எட்டு மணிக்கு வந்து எறங்குறா, தெருவே பாக்குது” என்று நாள் தவறாமல் சொன்னால் யார்தான் போவார்கள்? இவளும் ஒரு கணக்குப் போட்டாள். வீட்டிலிருந்தே படத்தைச் செய்து கடைக்கு அனுப்பினால் அவர்கள் அச்சடித்துக்கொள்வார்கள், படத்துக்கு இவ்வளவு என்று கூலி. கூடப் படித்தவளிடம் ஒரு பழைய லேப்டாப்பை இரவல் வாங்கி ஆரம்பித்தாள். அது நாலு முகம் தாங்கும், ஐந்தாவது முகம் வைத்தால் நின்றுவிடும்.

மேலத்தெரு டீக்கடை வீரன் செத்துப்போன அன்றைக்கு அது முழுசாக நின்றுவிட்டது. காலையில் சொன்ன கண்ணீர் அஞ்சலி பேனர் சாயங்காலம் வரை ஆகவில்லை. வீரனின் மகன் வந்து வாசலில் நின்றான்.

“அக்கா, அப்பாவ எடுத்தாச்சு. இனிமே அது எதுக்கு?”

அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சொன்னாள், “அப்பத்தா, சிஸ்டம் ஒண்ணு வாங்கணும். என் கையில நாப்பது இருக்கு. அதுக்குள்ள வாங்கணும். இத விட்டா எனக்கு வேலைன்னு ஒண்ணு இருக்காது.”

நாற்பதாயிரம் யாருடையது என்று தெரு கேட்கிறதே, கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் போஸ்ட் ஆபீசில் அவள் போட்டுவைத்த அவள் கூலி. என் பேரன் அதில் ஒரு ரூபாய் போடவில்லை. ஆனால் யோசனை சொல்ல எல்லோரும் வந்தார்கள்.

“வாங்குறதுதான் வாங்குற, நாலு பேரு வந்தா தெரியுற மாதிரி பெருசா வாங்கு,” என்றாள் பொன்னழகு. “ஒக்காந்து படம் பாத்துக்கலாம்ல.”

“கம்பெனிப் பேரு போட்டதா இருக்கணும்,” என்றான் விக்னேஷ்குமார். அவன் நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவன். “சில்லற சாமான வாங்கிப் பூட்டுறதெல்லாம் வேணாம். ஒரு பயலும் மதிக்க மாட்டான்.”

“நான் பாத்துக்கிறேங்க,” என்றாள் இவள்.

அவ்வளவு பணத்தோடு பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று என்னைக் கூட அனுப்பியதும் பொன்னழகுதான். காவலுக்கு அனுப்பினாள். அவள் அனுப்பிய காவலின் பேச்சு அவளிடமே செல்லாமல் போய்விட்டது.

முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குப் போனோம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கழுத்துப்பட்டை கட்டிய பையன் ஒருவன் வந்து, “பட்ஜெட் எவ்ளோ மேடம்?” என்றான்.

“அத அப்புறம் சொல்றேன். மொதல்ல சிஸ்டத்தப் பாக்கணும்.”

“வீட்டுக்கா? பசங்க படிக்கவா?”

“எனக்கு. என் வேலைக்கு.”

“ஓ, டைப்பிங்கா?”

அவன் ஒன்றைக் காட்டினான். திரை பெரிது, கல்யாண வீட்டு முகம்பார்க்கும் கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. பெட்டியே கிடையாது, எல்லாம் திரைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றான். முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். எனக்குப் பிடித்துப்போனது. பொன்னழகு பார்த்தால் ஆலம் சுற்றி எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சூர்யகலா பைக்குள் கைவிட்டு ஒரு பென்டிரைவை எடுத்தாள். சுண்டுவிரல் அளவுச் சாமான், அதற்குள் படங்களைப் போட்டு வைத்திருந்தாள். “இதுல ஒரு படம் இருக்கு. அத மட்டும் தொறந்து காட்டுங்க.”

“வெளி பென்டிரைவெல்லாம் போடக்கூடாது மேடம். வைரஸ் வந்துரும்.”

“நாப்பதாயிரம் குடுக்கப் போறவ போட்டுப் பாக்கக் கூடாதா?”

“ரூல்ஸ் மேடம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏம்ப்பா, எரநூறு ரூவாச் சேலைக்கு மடிப்பப் பிரிச்சுக் காட்டுறான். இம்புட்டுக் காசு கேக்குற, பிரிச்சுக் காட்ட மாட்டியா?” என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாவெறுப்பாக வாங்கிச் சொருகினான்.

அந்தப் படம் அய்யம்மாள் வீட்டுக் காதுகுத்து பேனர்தான். இவள் செய்ததிலேயே பெரியது அது. திரையில் ஒரு வட்டம் வந்து சுற்றியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மேலிருந்து துண்டுதுண்டாகப் படம் இறங்கியது. அய்யம்மாள் நெற்றிப் பொட்டு வரை வந்தாள். அதோடு நின்றுவிட்டாள். கண்ணும் வரவில்லை, வாயும் வரவில்லை. அந்த வாய் வராததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனால் சூர்யகலாவின் முகம் இறுகிவிட்டது.

“இது பெரிய ஃபைல் மேடம். இம்மாதிரியெல்லாம் யாரும் போட மாட்டாங்க.”

“நான் தெனமும் போடுவேன். ரேம் எவ்ளோ?”

“எட்டு.”

“பின்னாடி கூட்டிக்க எடம் இருக்கா?”

“அதெல்லாம் தேவப்படாது.”

“தேவப்படுமான்னு கேக்கல. இருக்கா இல்லையா?”

“இல்ல. உள்ளயே ஒட்டி வந்துரும். ஆனா பேக் ஃப்ரீ மேடம்.”

“மேச மேல வைக்கிறதுக்கு எதுக்குண்ணே தோள்ல மாட்டுற பேக்கு?”

கதவைத் தள்ளி வெளியே வரும்போது, “சும்மா பாத்துட்டுப் போக வர்றதுன்னா மொதல்லயே சொல்லணும்,” என்று முதுகுக்குப் பின்னால் அவன் சொன்னது எனக்குக் கேட்டது. இவளுக்கும் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

அங்கிருந்து பேகம்பூர். ஒரு மாடிப்படி, அதன் மேலே நீளமான அறை, அறை நெடுகப் பிரித்துப் போட்ட பெட்டிகளும் வயர்களும். கடைக்காரி பேர் பாத்திமா. நாற்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, திருப்புளியால் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். பேனர் கடைக்கு ரிப்பேர் பார்த்தவள் என்பதால் சூர்யகலாவுக்குப் பழக்கம்.

“வாம்மா. பாட்டிம்மா, அந்த ஸ்டூல்ல ஒக்காருங்க, அது ஆடாது. என்ன வேலைக்கு எடுக்குற?”

எவ்வளவு பணம் என்று அவள் முதலில் கேட்கவில்லை. சூர்யகலா பென்டிரைவைக் கொடுத்தாள். மூடியே இல்லாமல் குடல் தெரியக் கிடந்த ஒரு பெட்டியில் அதைச் சொருகினாள் பாத்திமா. நான் சுருக்குப் பையைத் திறந்து வெற்றிலையைக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் படம் முழுசாக வந்துவிட்டது. நாற்பத்தாறு முகமும் வந்தன. அய்யம்மாள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு இந்தம்மா, இம்புட்டு நகையோட?” என்றாள் பாத்திமா.

“எங்க தெரு. பாதி நகை நான் போட்டது,” என்றாள் சூர்யகலா. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு பாத்திமா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். நான் என்னவென்று கேட்க, எனக்குப் புரியும்படி சொன்னாள். இது மூளை. இது வேலை நடக்கிற மேசை, மேசை பெரிதாக இருந்தால் பெரிய படத்தை விரித்துப் போட்டுக்கொள்ளலாம். இது படங்களை அடுக்கி வைக்கிற பரண். இவை எல்லாவற்றையும் சொருகி வைக்கிற பலகைக்கு மதர்போர்டு என்று பேர். மொத்தத்தையும் போட்டு மூடுகிற தகரக் கூடு கேபினெட்டு. கரண்டு போனால் வேலை அழியாமல் காக்க ஒரு யுபிஎஸ். எனக்கு எழுத்துதான் தெரியாது. சொன்னதை மறக்கமாட்டேன்.

எல்லாம் நல்லதாகப் போட்டு, புதுத் திரையும் பெரிதாக எடுத்தால் நாற்பதைத் தாண்டி ஆறாயிரம் போனது. எதைக் குறைப்பது? சூர்யகலா மூளையைத் தொட்டாள், விட்டாள். மேசையைத் தொட்டாள், விட்டாள்.

“திரையக் கொறச்சிரு,” என்றாள் பாத்திமா. “ஆபீஸ்ல கழிச்ச பழைய பத்தொம்பது இஞ்ச் ஒண்ணு கெடக்கு. ஓரத்துல ஒரு கீறல், கலரு நல்லாருக்கும். ஆறு மாசம் வேல பாத்து புதுசு வாங்கிக்க. உள்ள இருக்கறத இன்னைக்கே நல்லதாப் போட்டுரு, அத மாத்துறதுதான் செரமம்.”

“வீட்டுல பெரிய திரையத்தான் எதிர்பாக்குறாங்க, அக்கா.”

“திரையா வேல செய்யுது?”

செத்த நேரம் அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? “ஒனக்கு எது ஓடுமோ அத வாங்கு தாயி. ஒக்காந்து செய்யப் போறவ நீதான்,” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஒவ்வொரு சாமானுக்கும் வாரண்டி வேறு வேறு என்பதால் ரசீதைத் தனித்தனி வரியாக எழுதினாள் பாத்திமா. அவள் கையெழுத்து பெரிது, துண்டுச் சீட்டு சின்னது. மொத்தம் முப்பத்தொன்பதாயிரத்து நூற்றைம்பது. மீதி எண்ணூற்றைம்பதை வீடு வந்ததும் சாமி மாடத்தில் வைத்தாள் இவள். அதை யாரும் பார்க்கவில்லையாம். பார்க்காமல் எங்கே போவார்கள்?

ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே தெரு வாசலில் கூடிவிட்டது. கறுப்புத் தகரப் பெட்டி, ஓரம் கீறிய சின்னத் திரை. பொன்னழகு துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள், உள்ளே இன்னொன்று இருக்கும் என்பதுபோல.

“இதுவா? இதுக்கா நாப்பதாயிரம்?”

“திரை பழசு அத்த. உள்ள எல்லாம் புதுசு.”

“உள்ளன்னா? உள்ள யாரு பாப்பா?”

அப்போதுதான் அய்யம்மாள் வந்தாள். “ரசீது குடுத்தாளா? கொண்டா பாப்போம்.” எட்டாம் வகுப்பு வரை போனவள் என்று அவளுக்கு ஒரு பெருமை. வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

“கம்ப்யூட்டர்னு எங்க எழுதிருக்கு? மேலருந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன், கம்ப்யூட்டர்ங்கிற பேச்சே இல்லையே! கேபினெட்டு ஒண்ணுன்னு இருக்கு. பீரோவா வாங்குன?”

தெருவே சிரித்தது. விரல் இன்னும் ஒரு வரி இறங்கியது.

“எம், ஓ, டி, எச், ஈ, ஆர். மதர்! மதர்னா அம்மால்ல? ஏய் பொன்னழகு, அம்மாவுக்கு ஏழாயிரத்து நானூறாம்!”

இந்த இடத்தில்தான் சூர்யகலா ஒரு தப்புப் பண்ணினாள். சிரித்துவிட்டாள். அய்யம்மாள் கேலி பேசுகிறாள் என்று நினைத்துவிட்டாள். “அது மதர்போர்டு சித்தி. மொத்தத்தையும் சொருகி வைக்கிற பலக,” என்றாள்.

“எனக்கா படிக்கத் தெரியாது? மதர் ஒரு வரி. போர்டு அடுத்த வரி. அம்மாவுக்குக் காசக் குடுத்துட்டு, கணக்குக்கு ஒரு போர்டும் வாங்கிருக்கா. சிரிக்கிறதப் பாரு!”

சீட்டில் இடம் போதாமல் பாத்திமா ‘போர்டு’ என்பதைக் கீழே இறக்கி எழுதியிருந்தாள். அவ்வளவுதான் சங்கதி. “ஏடி அய்யம்மா, நான் பாத்தேன், அது பலகதான்,” என்று நான் சொன்னேன். “நீங்க வெத்தல போடுங்க பெரியாத்தா,” என்றாள் அவள். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் சேராத ஒரே ஆள் பொன்னழகு. ரசீதை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் மேலத்தெரு, கீழத்தெரு, மில் பஸ் நிற்கிற இடம் எல்லாம் போய்விட்டது பேச்சு. ஏழாயிரம் என்றது பதினைந்தாயிரம் ஆனது. சுப்புத்தாய் பூ எடுக்கிற தோட்டம் வரைக்கும் போய், அவள் போனில் அழுதாள். “நான் என்னத்தடி வாங்குனேன்? ஒரு மொழம் பூகூட அந்த வீட்டுல கேட்டதில்லையே!”

படித்தவர்கள் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார்கள். என் பேரனோடு மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆண்டனிராஜ் நேரில் வந்தான். பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, “அம்மா, இந்தாருங்க, இதுதான் மதர்போர்டு. சரியான வெலதான்” என்று காட்டினான். பொன்னழகு குனிந்து பார்த்தாள்.

“இந்தக் கறுப்பு அட்டையா? இந்த அட்ட ஏழாயிரத்து நானூறு போகும்னு என்னிய நம்பச் சொல்றியா தம்பி?”

அவன் மூடியை மாட்டிவிட்டுப் போய்விட்டான். அய்யம்மாளுக்கும் விஷயம் தெரியும். காலேஜுக்குப் போகிற அவள் சின்ன மகளே வீட்டில் சொல்லியிருக்கிறாள். தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. கேட்கக் கேட்க ஆளுக்குச் சுவையாக இருந்தால் யார் நிறுத்துவார்கள்?

பெட்டி நன்றாக ஓடியது. அதையும் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் இரண்டு நாள் இழுத்த வேலையை ஒரு முற்பகலில் முடித்தாள். ஆனால் வேலை வர வேண்டுமே? முன்பணம் கொடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து திருப்பி வாங்கிப் போனார்கள். “காசு விசயத்துல ஒரு மாதிரின்னு சொல்றாங்க, அதான்” என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். சூர்யகலா எண்ணிக் கொடுத்தாள். அப்புறம் நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

விக்னேஷ்குமாரை மில்லில் பிடித்துக்கொண்டார்கள். “என்னடா, மாமியாருக்கு மதர்போர்டு மாட்டியாச்சா?” என்று ஷிப்ட் முழுக்கக் கேலி. எட்டாவது நாள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“கொண்டு போய்த் திருப்பிக் குடுத்துரு. அந்தப் பெரிய கடையில இருக்குறத வாங்கிட்டு வா.”

“அதுல என் வேல ஓடாதுங்க.”

“ஊர் வாய் ஓடுறது நிக்கும்ல?”

“அதுல ஓடாததத்தான் என் கண்ணால பாத்தேன். அப்பத்தாவும் பாத்துச்சு. திருப்பிக் குடுக்க மாட்டேன்.”

என் பேரன்தான், என் கையில் வளர்ந்தவன்தான். இருந்தாலும் சொல்கிறேன். அந்த ஒரு வாரத்தில் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவள் செய்கிற படத்தில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை. நான் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முன்னால் பேச்சுச் சத்தம் கேட்டுப் போனால், நடுவீட்டில் பித்தளைத் தட்டு, தட்டில் கட்டிச் சூடம். சுவரோரம் அய்யம்மாளும் அவளோடு இரண்டு பேரும். இந்தப் பக்கத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவது தெரிந்ததுதான். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் குடும்பம் விளங்காது. திருட்டுக்கும் கொலைக்கும் வைப்பது. அதைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு வைத்திருந்தாள் பொன்னழகு.

“யாரும் ஒன்னிய ஒண்ணும் சொல்லல,” என்றாள் பொன்னழகு. “எங்கம்மாவுக்குக் குடுக்கலன்னு சொல்லி அணச்சிரு. நாங்களும் தெருவுல தல நிமிந்து நடப்போம்.”

தீக்குச்சியைக் கிழித்து வைத்தாள். சூடம் பற்றிக்கொண்டது.

“அணச்சிரு சூர்யா,” என்றான் விக்னேஷ்குமார். இரவு ஷிப்ட் முடிந்து வந்த கண்ணோடு நின்றான். “ஒரு நிமிச வேல. எல்லாம் முடிஞ்சிரும்.”

“நீங்க நம்புறீங்களா?”

“நான் நம்புறது இருக்கட்டும். ஊரு நம்பணும்ல?”

“ஊரக் கேக்கல. ஒங்களக் கேட்டேன்.”

அவன் அம்மாவைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். அந்தப் பார்வை போதும் அவளுக்கு.

“நான் அணைக்க மாட்டேன்,” என்றாள் சூர்யகலா. குரல் உயரவில்லை. “என் காசுல என் வேலைக்கு நான் வாங்குன சாமான். ரசீது இருக்கு. எங்கம்மா பூ எடுத்துப் பொழைக்கிறாங்க. அவங்க பேரச் சொல்லி நான் சூடம் அணச்சேன்னா, அவங்க வாங்கிருக்கலாம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. சொன்னவங்க அணைக்கட்டும். சித்தி, மதர்னா எங்கம்மாதான்னு சொல்லி அணைங்க. நான் இங்கனயே நிக்கிறேன்.”

அய்யம்மாள் சுவரோடு ஒட்டினாள். “நல்லாருக்கே கத! ஒங்க வீட்டுச் சூடத்துல நான் எதுக்குக் கைய வைக்கணும்? எனக்குப் பேரன் பேத்தி இருக்கு.”

“அணை அய்யம்மா,” என்றேன் நான். “எட்டாப்புப் படிச்சவதான? படிச்சதச் சொல்லி அணை.”

ஒருத்தியும் அசையவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சூடம் எரிந்து தீர்ந்து, தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

“அணைக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? எடுத்தான்னுதான அர்த்தம்?” என்று கத்திக்கொண்டே, வேறு சூடம் எடுக்கச் சாமி மாடத்துக்குப் போனாள் பொன்னழகு. சூர்யகலா அறைக்குள் போனாள். நானும் போனேன். ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சுருட்டினாள். நாலு சேலை, சான்றிதழ்கள் இருக்கிற பை, கீபோர்டு. திரையைப் போர்வையில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“தெருமுன ஆட்டோ வரைக்கும் கொண்டாறீங்களா அப்பத்தா?”

“வாரேன் தாயி.”

தகரப் பெட்டியைத் தூக்கி, தண்ணீர்க் குடம் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புதுச் சூடத்தோடு வந்த பொன்னழகு நிலைப்படிக்கு முன்னால் நின்றுகொண்டாள். இவள் பக்கவாட்டில் ஒதுங்கி, படியைத் தாண்டி இறங்கினாள்.

“தாண்டிட்டல்ல? இனிமே இந்த வாசல்ல கால வச்சுப் பாரு!”

சூர்யகலா நின்றாள். பையைப் பார்த்தாள். பெட்டியை இறக்கித் தெருத் தரையில் வைத்தாள்.

“யுபிஎஸ்ஸு உள்ள இருக்கு அத்த. எடுத்துக்கிறேன்.”

மறுபடியும் படியேறி, பொன்னழகைத் தாண்டி, அவனையும் தாண்டி உள்ளே போனாள். கட்டிலுக்கடியில் குனிந்து அந்தக் கனத்த கட்டியை இழுத்து எடுத்துப் பையில் போட்டாள். விக்னேஷ்குமார், “சூர்யா, இரு, வண்டியில கொண்டு போய் விடுறேன்,” என்று சாவியைத் தேடினான். மேசையில் தேடினான், சட்டைப் பையில் தேடினான்.

அவன் தேடி முடிக்கும் முன்னே அவள் இரண்டாவது முறையும் அந்தப் படியை இறங்கி, பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, திரையோடு நான் பின்னால் வர, தெரு நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.